முதுகின் நடுத் தையல்

ஊசியை இழுத்தவள் நூலை இறுக்காமல் நிறுத்திக்கொண்டாள். அங்கியின் இடது பட்டையில் இரண்டாவது பூவேலை வட்டம் தொடங்கிவிட்டது, வலது பட்டையில் இன்னும் வெறும் வெள்ளைத் துணிதான் ஓடிக்கொண்டிருந்தது. அரை விரல். கட்டைவிரல் நகத்தை வைத்து மறுபடி அளந்தாள் மவ்ஜூதா. அரை விரல்தான், ஆனால் இது இரண்டாவது வட்டம், இடுப்புக்குக் கீழே மூன்றாவது ஒன்று காத்திருக்கிறது, அங்கே போய்ச் சேரும்போது ஒன்றரை விரல் ஆகியிருக்கும், கோணல் கீழே போகப் போகத் தானாகச் சரியானதை அவள் இந்த நாற்பத்தாறு வயதில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கழுத்துக்குக் கீழே முதல் வட்டம் அவ்வளவு அழகாகச் சேர்ந்திருந்தது, இரண்டு பாதிச் சிவப்புக்கும் நடுவில் நூல் நுழைய இடமில்லை, அதைப் பார்த்த தைரியத்தில்தான் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்துவிட்டாள், தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன் என்று. முற்றத்து மரக்கட்டிலில் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருந்த இரோதா சிரித்துக் கையை உயர்த்தினாள். தாஷ்கெண்டில் சொந்தமாகத் துணிக்கடை வைத்து, தானே உடுப்புகளை வடிவமைத்து விற்கிறவள், முப்பத்தைந்துகூட இருக்காது, இந்த நூரோத்தா மலையடிவாரம் வரை நேற்றே காரில் புறப்பட்டு, வழியில் தங்கி, பங்குனிக் காற்றில் மூக்கு சிவந்து வந்திறங்கியிருக்கிறாள், இந்த ஒரு அங்கியைப் பார்ப்பதற்காக. அங்கி பிடித்திருந்தால் இலையுதிர் காலத்துக்கு நாற்பது. நாற்பது. வந்ததும் முதலில் அதைச் சொல்லவில்லை, முதலில் சொன்னது வேறு. "ஒண்ணே ஒண்ணுதான் ஓபா, ரெண்டு பாதியும் சேரணும். எங்க ஆளுங்க முதுகைத்தான் முதல்ல பாப்பாங்க. போன தடவை வேற ஊர்ல வாங்கினதுல ரெண்டு திரும்பி வந்துடுச்சு, கோணல்னு." ஓபா என்றாள், சொந்த அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி, இவ்வளவு மரியாதையாகச் சொன்னதால்தான் அது இவ்வளவு ஆழமாக இறங்கியது. பிறகு காரின் பின்பக்கத்தைத் திறந்து காட்டினாள். புது மரச்சட்டங்கள், வார்னிஷ் வாசனை போகாதவை, ஆளுயரத்துக்கு இரண்டு. இது சேரவில்லையென்றால் இனிமேல் பட்டை வேண்டாம், அகலத் துணியாகவே நெய்து வாங்கி, சட்டத்தில் கட்டி, எல்லோரும் ஓர் அறையில் உட்கார்ந்து ஒரே கண்ணுக்கு முன்னால் தைக்கட்டும். வர முடிகிறவர்கள் வரட்டும். வர முடியாதவர்கள், என்று சொல்லி அந்த வாக்கியத்தை முடிக்காமல் சட்டத்தின் மூலையைத் தடவினாள்.

அவளுக்குத் தைத்துக் கொடுக்கிற பதினோரு பெண்களில் வர முடிகிறவர்கள் நாலு பேர். வர முடியாதவர்கள் ஏழு பேர். ஊசி இன்னும் நிறுத்திய இடத்திலேயே நின்றது. மவ்ஜூதா அந்த ஏழு பேரை எண்ணவில்லை, எண்ணாமலே அவர்கள் ஒவ்வொருவராக அறைக்குள் வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள், மடியில் துணியோடு, வழக்கம்போல வாசலைப் பார்த்துக்கொண்டு. பட்டை என்றால் முழம்கூட அகலமில்லாத கைத்தறித் துணி. இரண்டையோ நாலையோ பக்கத்தில் பக்கத்தில் வைத்து லேசாக நூலோட்டி, மேலே ஒரே படமாக மையால் கோடு போடுவாள், அது மவ்ஜூதாவின் வேலை, தெருவில் அவளுக்குக் கோடு போடுகிறவள் என்றுதான் பெயர். பிறகு அந்த நூலை உருவிவிட்டுப் பட்டைகளைப் பிரித்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தனுப்புவது, பாதி வட்டம் ஒருத்தியிடம், மீதிப் பாதி இரண்டு தெரு தள்ளி இன்னொருத்தியிடம், இரண்டு மாதமோ மூன்று மாதமோ கழித்துத் திரும்பி வந்து சேர்வது. கல்யாணத்துக்குச் சுவரில் மாட்டும் சுசானிப் பூவேலைத் துணியெல்லாம் இப்படித்தான் ஆகிறது, இந்தப் பக்கத்தில் எந்த வீட்டுச் சுவரிலும் வட்டம் கொஞ்சம் உடைந்துதான் இருக்கும், யாரும் அதைக் கோணல் என்று சொன்னதில்லை, சொல்வதற்கு ஒரு பெயரே இல்லை. பட்டையை மடித்தால் இடுப்புத் துணிக்குள் போய்விடும். மாவு உப்பும் நேரத்தில் எடுக்கலாம், தந்தூர் அடுப்பு சூடேறும் நேரத்தில் எடுக்கலாம், மாமியார் செருப்புச் சத்தம் கேட்டால் முழங்காலுக்கு அடியில் தள்ளலாம். கையில் அடங்குவதை யாரும் வேலை என்று நினைப்பதில்லை, அதனால் தடுப்பதுமில்லை. முகர்ரம் அப்படித்தான் நாலு வருடம் தைத்துத் தங்கப்பல் கட்டிக்கொண்டாள், மேல் வரிசையில் ஆறு, வாயைக் கையால் மூடாமல் சிரிக்கிறாள் இப்போது, சிரிப்பு வராத விஷயத்துக்கும் சிரிக்கிறாள். சோஜிதா தன் அறைக் கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் வாங்கிப் போட்டாள். தாழ்ப்பாளா, இவ்வளவு தைத்து ஒரு தாழ்ப்பாளா என்று மவ்ஜூதா அன்றைக்குக் கேட்டுவிட்டாள். கேட்டிருக்கக் கூடாது. "தாழ்ப்பாளும் அதைப் போடற உரிமையும் ஓபா, ரெண்டாவதுதான் விலை ஜாஸ்தி" என்றாள் சோஜிதா.

சோஜிதாவின் பட்டைதான் இது. இடது. மவ்ஜூதா துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், முன்பக்கம் முகம் மாதிரி, பழக்கப்பட்டது, பின்பக்கம்தான் உள்ளதைச் சொல்லும். முதல் வட்டத்தில் நூல்கள் சாவகாசமாகக் கிடந்தன, நீளமாக ஒரு பட்டு நூலைக் கிடத்தி அதன் குறுக்கே சின்னத் தையலால் கட்டிப்போடுகிற தையல், கட்டு ஒவ்வொன்றும் அரிசி அகலம் விட்டு. வட்டத்தைச் சுற்றி ஓடுகிற இலைக்கொடியிலும் அதே கைதான். இரண்டாவது வட்டம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மாதுளை மொட்டின் காம்பில், கட்டுகள் நெருங்க ஆரம்பித்தன. மொட்டுக்குள் இன்னும் நெருங்கின. அதன் பிறகு எல்லாமே நெருக்கம், நூலை இழுத்து இழுத்து, துணி மெல்லச் சுருங்கி, பின்பக்கம் விரலால் தடவினால் மேடு தட்டியது. அந்த மொட்டுதான் தை மாதம். அந்த மொட்டில்தான் ரஷ்யாவின் சமாராவிலிருந்து போன் வருவது நின்றது, அங்கே கட்டிட வேலைக்குப் போன அவள் புருஷன் ஞாயிறுதோறும் கூப்பிடுவான், ஒரு ஞாயிறு கூப்பிடவில்லை, அடுத்த ஞாயிறு எண்ணே இல்லை என்று வந்தது. செத்திருந்தால் தகவல் வந்திருக்கும் என்று தெருவே சொன்னது, ஆறுதலாக. சோஜிதா தைத்துக்கொண்டே இருந்தாள். மாசியில் பாதிப் பட்டையைக் கொண்டுவந்து காட்டினாள், நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள், சிரித்தபடி கேட்டாள், மவ்ஜூதா நன்றாக இருக்கிறது என்றாள். விரலுக்கு அடியில் மேடு தட்டியது அன்றைக்கே. தட்டியது, தெரிந்தது, சொல்லவில்லை. அந்தச் சிரிப்பின் மேல் எப்படிச் சொல்வது. சொல்லியிருந்தால் அன்றைக்கே வலது பட்டையை முகர்ரமிடமிருந்து வாங்கி, மூன்றாவது வட்டத்தை ஒரு விரல் மேலே ஏற்றிக் கோட்டைத் திருத்தியிருக்கலாம், எவ்வளவு சுலபம், இரண்டு தெரு நடந்திருந்தால் போதும்.

ஏனென்றால் அது அவளுக்குத் தெரியும், அவளுக்கு மட்டும்தான் தெரியும், யாரிடமும் சொன்னதில்லை. இந்தப் பதினோரு பேரின் பட்டைகளும் பத்து வருடமாகச் சேர்ந்து வருவது தற்செயல் இல்லை. மற்ற வீடுகளில் உடைகிற வட்டம் இவளிடம் உடையாது, அதைக் கேள்விப்பட்டுத்தான் இரோதா இவளைத் தேடி வந்தாள், கைராசி என்று சொன்னார்கள். கைராசி இல்லை. ஒவ்வொரு கையும் எவ்வளவு இழுக்கும் என்று அவளுக்குத் தெரியும். முகர்ரம் மாவு பிசைந்த கை, தளர்வு, அவளுக்கு உள்ளது உள்ளபடி கோடு. பள்ளிக்கூடத்துத் தெருவில் இருக்கிறவள் எப்போதும் அவசரம், இறுக்குவாள், அவளுக்கு அரை விரல் பெரிதாக. கண்பார்வை குறைந்தவளுக்கு மொட்டுகளைத் தள்ளித் தள்ளி. கோட்டில் சேராதபடி வரைந்து தையலில் சேர வைப்பது. வரைந்த அன்றைக்கு யாராவது இரண்டு பட்டைகளையும் உன்னிப்பாகப் பார்த்தால் இவளுக்குக் கோடு போடவே தெரியாது என்று சொல்லிவிடுவார்கள், கோட்டில் கோணல், முடிவில் நேர். பிள்ளை பெற்றவளுக்கு ஆறு மாதம் ஒரு கோடு, பிறகு வேறு கோடு. இவ்வளவும் மனதில். சோஜிதாவுக்கு மார்கழியில் வரைந்தாள், மார்கழியில் இருந்த சோஜிதாவுக்கு.

"கெலினாயி, தேநீர் ஆறி, மறுபடி போட்டு, அதுவும் ஆறிப்போச்சு" என்று ஜன்னலில் தலை நீட்டினாள் ஹோசியத். புருஷனின் தங்கை, தெருக்கோடியில் கட்டிக்கொடுத்தும் பகலெல்லாம் இங்கேதான் இருப்பு, அண்ணியை அவள் கெலினாயி என்று கூப்பிடும்போது அந்தச் சொல்லின் வாலில் எப்போதும் ஒரு சின்ன முள் இருக்கும். "உள்ளே என்ன, தைக்கிறியா, தொழுகை நடத்தறியா? அந்தப் பொண்ணு எங்க வீட்டுப் பசுவையெல்லாம் படம் பிடிச்சு முடிச்சிட்டா, அடுத்து என்னைத்தான் பிடிக்கணும்." வருகிறேன் என்றாள் மவ்ஜூதா. "சேர்ந்துச்சா?" என்றாள் ஹோசியத், குரலைத் தாழ்த்தி, இப்போது முள் இல்லை. வருகிறேன் என்றாள் மறுபடி. ஹோசியத்தின் தலை மெல்ல மறைந்தது, செருப்பு இழுபடும் சத்தம் போய், கட்டில் கிரீச்சிட்டு, அப்புறம் அவள் உரத்துச் சொல்வது கேட்டது, "முடிஞ்சிடுச்சாம், இஸ்திரி போடறாளாம்." பொய்யில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. அந்தப் பொய் இப்போது ஒரு பத்து நிமிடத்தை வாங்கிக் கொடுத்துவிட்டது.

இஸ்திரி. ஈரத் துண்டை விரித்துச் சூடாகப் பிடித்து இழுத்தால் சுருங்கிய பட்டை அரை விரல் கொடுக்கும், முக்கால்கூடக் கொடுக்கும், இரோதா பார்க்கும்போது நேராக இருக்கும், தாஷ்கெண்டில் முதல் மழையில் நனைந்ததும் திரும்பி வந்துவிடும். இல்லையென்றால் பிளேடு. இரண்டாவது வட்டத்தின் இடது பாதியை மட்டும் பிரித்து, இவளே இரண்டு நாள் உட்கார்ந்து, இரண்டு நாள் இல்லை, இரோதாவை இரவு தங்க வைத்து, உடம்பு சரியில்லை என்று, ஹோசியத் ஒரு கதை சொல்வாள், நாளை மதியத்துக்குள். பிளேடு கையில் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. மாதுளை மொட்டில் முதல் கட்டை வெட்டினாள், டிக் என்று ஒரு சத்தம், இவ்வளவு சின்ன நூலுக்கு இவ்வளவு சத்தமா, கட்டவிழ்ந்த சிவப்பு நூல் ஒரு தும்மல் மாதிரி மேலே எழும்பி நின்றது. அதன் அடியில் மைக்கோடு தெரிந்தது. இவளுடைய கோடு, மார்கழியில் போட்டது, தையல் அந்தக் கோட்டின் மேல் ஒரு மயிரிழைகூட நகராமல் போயிருந்தது. அடுத்ததையும் அதற்கடுத்ததையும் வெட்டாமல் நகத்தால் விலக்கிப் பார்த்தாள். எல்லா இடத்திலும் கோட்டின் மேலேயே. போன் வராத ஞாயிறுகளிலும், எண்ணே இல்லை என்ற ஞாயிறிலும், தாழ்ப்பாளை உள்ளே போட்டுக்கொண்டு அவள் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறாள், இரண்டு கையாலும், விட்டால் விழுந்துவிடுகிற மாதிரி. இதில் எங்கே இருக்கிறது தப்பு. எதைப் பிரிப்பது. பிளேடைக் கைக்கு எட்டாதபடி அலமாரிக்கு அடியில் எறிந்தாள், எறிந்த பிறகு அதை எடுக்கக் குச்சி வேண்டுமே என்று நினைத்தாள், வேண்டாம், கிடக்கட்டும்.

அந்த அறை. அறை என்றால் என்னவென்று இரோதாவுக்குத் தெரியாது, மவ்ஜூதாவுக்குத் தெரியும், எட்டு வருடம் முன்னால் அதையும் செய்து பார்த்தாயிற்று. உதவ வெளியூரிலிருந்து வந்தவர்கள் நல்லவர்கள்தான், பழைய நூலகத்தில் ஓர் அறையைப் பிடித்துக் கொடுத்து, சட்டம் வாங்கிக் கொடுத்து, வாசலில் ரிப்பன் கட்டினார்கள். முதல் மாதம் பதினோரு பேரும் வந்தார்கள், உதட்டுச்சாயம்கூடப் பூசிக்கொண்டு. இரண்டாவது மாதம் ஒருத்தியின் மாமியாருக்கு முட்டி வலி வந்தது, அடுத்து இன்னொருத்தியின் மாமியாருக்கு, முட்டி வலி தெருத் தெருவாகப் பரவியது. பருத்தி எடுப்பு வந்தது, கல்யாணம் வந்தது, குழந்தைக்குக் காய்ச்சல். கடைசியில் அந்த அறையில் இவளும் முகர்ரமும் மட்டும் ஆளுக்கொரு மூலையில், நடுவில் பத்து காலிச் சட்டம். ஒரு மத்தியானம் முகர்ரம் சொன்னாள், "ஓபா, நம்ம ரெண்டு பேரும் காவலுக்கு உட்கார்ந்திருக்கோமா, தைக்க உட்கார்ந்திருக்கோமா?" சட்டங்களை ஹோசியத் கோழிக்கூண்டுக்கு எடுத்துப் போனாள். அன்றைக்கு இவள் அழவில்லை, ஒரு பை நிறையப் பட்டைகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாகப் போனாள், குளத்து மீன்களுக்கு ரொட்டி போடப் போகிறவள் மாதிரி, கதவுகள் கொஞ்சமாகத் திறந்தன, கை நீண்டு வாங்கிக்கொண்டது, கதவு மூடியது. அந்தக் கைகள்தான் இவள் கடை. நூலகத்தை யாரோ மருந்துக்கடை ஆக்கிவிட்டார்கள். அந்தக் கைகளை வைத்து மகளை நவாயி நகரத்துக்கு நர்ஸ் படிப்புக்கு அனுப்பினாள், ஒருவருமே கவனிக்காத வேலையை வைத்து. இப்போது மறுபடி சட்டம், வார்னிஷ் வாசனையோடு. பயம் வயிற்றில் இருந்தது இதுவரை, இப்போது தேடினால் அங்கே இல்லை, அதே இடத்தில் வேறு ஏதோ இருந்தது, பசி மாதிரி. காலையிலிருந்து சாப்பிடவில்லை, அதுவாகவும் இருக்கலாம்.

ஊசியை எடுத்தாள். வெட்டிய கட்டை அதே சிவப்பில் மறுபடி போட்டாள், அதே இறுக்கத்தில், அந்த ஒரு கட்டுக்காகத் தன் கையை சோஜிதாவின் கையாக்கிக்கொண்டு. பிறகு முதுகின் நடுத் தையலை விட்ட இடத்திலிருந்து பிடித்தாள், இடது பட்டையை இழுக்கவில்லை, வலது பட்டையை வெட்டவில்லை, வலதில் மிஞ்சுகிற துணியைத் தையலுக்குத் தையல் நூலளவு விட்டுக்கொடுத்து, அது மெல்ல அலை அலையாக விழ, கீழே போனாள். இரண்டாவது வட்டம் உடைந்தது. உடையட்டும். மூன்றாவது வட்டம் வந்தது, ஒன்றரை விரல் என்று நினைத்தது கிட்டத்தட்ட இரண்டு. ஊசி ஒரு இடத்திலும் தயங்கவில்லை. நூலை முடிந்து பல்லால் கடித்தபோது ஒரு காரியம் தெளிவாகத் தெரிந்தது, வெளியே போய் முதல் வார்த்தையாக என்ன சொல்லப்போகிறாள் என்பது.

"சேரலை" என்றாள். முற்றத்தில் வெயில் இருந்தது, காற்று அதைவிட அதிகம். இரோதா அங்கியை வாங்கி மடியில் விரித்து, முதல் வட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்து, இரண்டாவதில் புன்னகையை நிறுத்தி, மூன்றாவதுக்குப் போகாமலே நிமிர்ந்தாள். கோபம் இல்லை, அது இன்னும் கஷ்டம், ஏமாற்றம் இருந்தது. "இடது யார் கை ஓபா?" "சொல்ல மாட்டேன்." "திட்டறதுக்கு இல்லை. தெரிஞ்சுக்கத்தான்." "தெரிஞ்சா முதல்ல அவளை எடுத்துடுவீங்க." ஹோசியத் தேநீர்க் கெண்டியைத் தூக்கியவள் ஊற்றாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். இரோதா மெதுவாகச் சொன்னாள், "அதுக்குத்தான் சட்டம் கொண்டாந்தேன். நாற்பது வேணும் எனக்கு, நாற்பதும் ஒரே மாதிரி. ஒரு ரூம் பிடிச்சுக்கலாம், நான் ஏற்பாடு பண்றேன்." மவ்ஜூதாவுக்குத் தன் குரல் எங்கிருந்தோ வருவதுபோல் இருந்தது, நிதானமாக, சந்தையில் பூசணிக்காய் விலை சொல்கிற குரல். "ரூம் பாத்தாச்சு. அந்தச் சட்டத்துல கோழி முட்டை போடுது இப்போ. பட்டை இல்லைன்னா ஏழு பேர் இல்லை. ஏழு பேர் இல்லைன்னா நானும் இல்லை. நல்ல சட்டம் அது, சமர்க்கண்டுல யாராவது வாங்கிப்பாங்க, வழியில கேட்டுப் பாருங்க." ஹோசியத் கெண்டியைக் கீழே வைத்தாள். "எங்க கெலினாயிக்குக் காலையிலேர்ந்து சாப்பாடு இல்லை, அதான்" என்று இரோதாவிடம் சொல்லிப் பார்த்தாள், யாரும் சிரிக்கவில்லை. அப்போது தெருக்கதவு காற்றில் அறைந்துகொண்டது, மறுபடி அறைந்தது. நாற்பதைத் தூக்கி வெளியே போட்டவளுக்கு அந்தக் கதவைச் சாத்துவதுதான் உடனே செய்ய வேண்டிய வேலையாகப் பட்டது. குளிர் எலும்பில் ஏறியது, எதிரே கிடந்தது அங்கிதான், இரோதாவின் மடியிலிருந்து அதை எடுத்துத் தோளில் போட்டுக் கையை நுழைத்துக்கொண்டு நடந்தாள். பத்து வருடத்தில் தைத்த ஒன்றையும் அவள் உடம்பில் போட்டதில்லை. விற்கிற பொருள், அழுக்காகும். இப்போது விற்கப் போவதில்லை.

முற்றம் நீளமானது, கதவு வரை ஐம்பது அடி, கனமாக இருந்தது அங்கி, கனம் முழுக்க இடது பக்கம், ஒருத்தியின் குளிர்காலம் முழுக்கத் தொங்குகிற மாதிரி, வலது பக்கம் விட்டுக்கொடுத்த துணி கெண்டைக்காலில் தட்டித் தட்டி வந்தது. என்ன செய்துவிட்டேன், ஏழு பேருக்காக நாலு பேரின் வேலையையும் சேர்த்து, முகர்ரமிடம் எப்படி, அவள் தங்கப்பல்லைக் காட்டிச் சிரிப்பாள், அதுதான் பயம், நர்ஸ் படிப்பு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, பசு இருக்கிறது, வேறு யாராவது, வேறு யார், இரோதா மாதிரி இன்னொருத்தி இந்த மலை அடிவாரத்துக்கு வரப்போகிறாளா. ஆனாலும் கால் நடந்தது, இவ்வளவும் நினைத்தபடி கால் தன்பாட்டுக்கு நன்றாக நடந்தது, அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, திருடியவள் மாதிரி இல்லை, தோற்றவள் மாதிரி இல்லை. கதவைச் சாத்திக் கொண்டியை மாட்டினாள். ஹோசியத்கூடப் பேசவில்லை, அது நல்ல அறிகுறி இல்லை. திரும்பினால் அந்த இரண்டு முகத்தையும் பார்க்க வேண்டும், அதனால் கதவின் பலகையிடுக்கு வழியே தெருவைப் பார்த்தபடியே நின்றாள்.

"ஓபா." இரோதாவின் குரல் வேறு மாதிரி இருந்தது. "திரும்பாதீங்க. இப்படியே சுவரோரமா அந்தக் கடைசி வரைக்கும் நடங்க." "என்ன?" "நடங்க ஓபா, தயவு செஞ்சு." நடந்தாள். பசு தலையைத் தூக்கிப் பார்த்தது. "கொஞ்சம் வேகமா. கையை வீசி." கையை வீசி நடந்தாள், கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி, பின்னால் ஹோசியத் மூச்சை இழுப்பது கேட்டது, "அடியே, அது வாய் மாதிரி மூடித் தொறக்குதுடி!" என்றாள், தாஷ்கெண்ட்காரியை டி போட்டுக் கூப்பிட்டதைக்கூடக் கவனிக்காமல். இரோதா கட்டிலிலிருந்து எழுந்தே ஓடி வந்தாள், கம்பளி தரையில் இழுபட, தட்டு ஒன்று உருண்டது, அதுவரை படம் பிடித்த போனை மவ்ஜூதாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். சின்னத் திரையில் யாரோ ஒருத்தியின் முதுகு போய்க்கொண்டிருந்தது. அகலமான முதுகு. நடையில் ஒரு சொந்தக்காரத்தனம், அந்தச் சுவரும் பசுவும் அதற்கு அப்பால் மலையும் தன்னுடையது என்கிற மாதிரி. முதுகுத்தண்டு நெடுக வட்டங்கள். இடது தோள் முன்னே போகையில் துணி நடுவில் மடிந்து, உடைந்த இரண்டாவது வட்டம் தன் பாதியைப் பிடித்து முழுசாயிற்று, வலது தோள் போகையில் விட்டது, கீழே மூன்றாவது அதற்கு மாறாகச் செய்தது, அங்கியின் விளிம்பு ஒரு பக்கம் அலையடித்துப் பின்தொடர்ந்தது. முதல் வட்டம், அந்தக் குறையே இல்லாமல் சேர்ந்த வட்டம், அது மட்டும் ஒட்டவைத்த காகிதம் மாதிரி சும்மா இருந்தது. யார் இவள் என்று ஒரு கணம் உண்மையாகவே நினைத்தாள் மவ்ஜூதா.

"மூணு வருஷமா ஹேங்கர்ல மாட்டி வச்சுப் பாக்கறேன்" என்றாள் இரோதா, மூச்சு வாங்க. "மூணு வருஷமா சுவத்துல மாட்டறதை வாங்கி மனுஷங்க மேல போட்டிருக்கேன், நடந்தா என்ன ஆகும்னு ஒருத்தரும் பாக்கலை, நானும் பாக்கலை. நாற்பதும் இப்படி வேணும். பட்டையிலேயே. இதே மாதிரி முதல் வட்டம் சேர்ந்து, மத்தது ரெண்டும்—" "இதே மாதிரி வராது" என்றாள் மவ்ஜூதா. "நாற்பதும் நாற்பது மாதிரி வரும். ஆனா எதுல எவ்வளவு உடையணும்னு சொன்னா, அதை என்னால வரைஞ்சு கொடுக்க முடியும். பதினோரு கையும் எனக்குத் தெரியும்." பத்து வருடமாகச் சொல்லாததைச் சொன்னபோது அது அப்படியொன்றும் பெரிய ரகசியமாகத் தெரியவில்லை, ஹோசியத் மட்டும் சந்தேகமாகப் பார்த்தாள். "அப்புறம் இன்னொண்ணு. கழுத்துக்கு உள்ளே உங்க கடைப் பேரு தைக்கறீங்களே, அதுல இடது பக்கம் இடது பட்டை தைச்சவ பேரு, வலது பக்கம் வலது பட்டை தைச்சவ பேரு." "ஓபா, அந்தத் துண்டு இவ்வளவுதான் இருக்கு" என்று இரோதா இரண்டு விரலால் காட்டினாள். "பெருசா தைங்க." இரோதா தன் இரண்டு விரலையும் பார்த்தாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், மூக்கு மேலும் சிவந்தது. "சரி. இடது யாரு, இப்போவாவது சொல்லுவீங்களா? எழுதிக்கணும்." "சோஜிதா" என்றாள் மவ்ஜூதா, ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல், இரோதா போனில் அதை அடித்துத் திருப்பிக் காட்டினாள், சரிதானா என்று. "கூப்பிடு அவளை, இங்கேயே கூப்பிடு" என்று ஹோசியத் தன் போனைத் தேடிக் கம்பளியை உதறினாள், "முகர்ரமையும் கூப்பிடு, அந்தப் பல்லை இவங்க படம் பிடிக்கட்டும், தாஷ்கெண்ட்ல கண் கூசட்டும், இந்தாங்க, என் நாத்தனார் உரிமைக்கு ஒரு அங்கி உண்டா இல்லையா, நான் பொய் சொல்லலைன்னா இந்நேரம் நீங்க பாதி வழி போயிருப்பீங்க." இரோதா அந்தப் பொய் என்னவென்று கேட்க, ஹோசியத் இஸ்திரிக் கதையைச் சொல்ல, இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து ஒருத்தியை ஒருத்தி அடித்துக்கொண்டு சிரித்தார்கள், சோஜிதாவின் எண் மணியடித்துக்கொண்டிருந்தது, அந்தப் பக்கம் இன்னும் எடுக்கவில்லை, எடுப்பாள், தாழ்ப்பாளைத் திறக்க நேரம் ஆகும். கட்டிலுக்குக் கீழே, உருண்ட தட்டுக்குப் பக்கத்தில், ரொட்டித் துண்டு ஒன்று மண்ணில் கிடந்தது. மவ்ஜூதா குனிந்து அதை எடுத்து, ஊதி, நெற்றியில் தொட்டு, குருவிகளுக்கு எட்டும்படி மதில் மேல் வைத்தாள்.